இந்தக் கணினியில் யார் யார் இருக்காங்க?

நம்ம டியூஷன் அறை மூலையில் ஒரு பழைய உபுண்டு கணினி இருக்கிறது. பிள்ளைகளின் வருகைப் பதிவு, மார்க், பெற்றோரின் போன் நம்பர், ஐசி நகல் எல்லாம் அதில்தான். போன செமஸ்டர் விடுமுறையில் வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் அக்கா கேட்டார்: "தம்பி, இதுல யார் யாருக்கு அக்கவுண்ட் இருக்கு? பழைய பேட்ச் பசங்க இன்னும் உள்ள வர முடியுமா?" மூன்றாம் ஆண்டு இன்ஜினியரிங் படிக்கிறேன், ஆனா பதில் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள எழுதிய ஒரு சின்ன டெர்மினல் கருவியைப் பற்றித்தான் இந்தப் பாடம்.

லினக்ஸில் கணக்குகளின் பட்டியல் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. 'ஈடிசி' ஃபோல்டருக்குள் இருக்கிறது. பெயர் 'பாஸ்வேர்ட்', அதில் 'ஓ', 'ஆர்' என்ற இரண்டு எழுத்தை விழுங்கிவிட்டு எழுதுவார்கள். ஒரு கணக்குக்கு ஒரு வரி. ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழில் எழுதினால் இப்படி:

கணிதம்:எக்ஸ்:1004:1004:கணித ஆசிரியர்:/ஹோம்/கணிதம்:/பின்/பாஷ்

முக்காற்புள்ளியால் பிரித்த ஏழு பகுதி: பெயர், கடவுச்சொல்லின் இடம், பயனர் எண், குழு எண், குறிப்பு, வீட்டு ஃபோல்டர், தொடங்கும் ஷெல். ஐந்தாவதுக்கு 'ஜீகாஸ்' என்று பெயர். பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸ் ஆரம்பித்த காலத்தில், ஜெனரல் எலக்ட்ரிக் கணினிக்கு அச்சு வேலை அனுப்ப வைத்த இடம் அது. வேலை போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இரண்டாவது பகுதியில் 'எக்ஸ்' ஏன்? இந்தக் கோப்பை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். படிக்க முடியாவிட்டால் எண்ணைப் பெயராக மாற்றிக் காட்ட எந்தக் கட்டளையாலும் முடியாது. அதனால் கடவுச்சொல்லின் மறைவடிவத்தை 'ஷேடோ' என்ற வேறு கோப்புக்கு மாற்றினார்கள். அதை ரூட் அனுமதி இல்லாமல் திறக்க முடியாது.

என் கருவி பைத்தானில், நான்கு துண்டு. ஒன்று கணக்குகளைப் படிக்கும். ஒன்று குழுக்களைப் பார்க்கும், முக்கியமா 'சூடோ' குழுவில் யார் என்று. ஒன்று கடைசியாக உள்ளே வந்த தேதியை 'லாஸ்ட்லாக்' கட்டளையிடம் கேட்கும். கடைசித் துண்டு அட்டவணை போடும். ஒரு துண்டுக்கு மற்றதைப் பற்றி எதுவும் தெரியாது. பயனர் பெயரைக் கொடுத்தால் தனக்குத் தெரிந்ததைத் திருப்பித் தரும், அவ்வளவுதான். 1970களின் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டில் லெஸ் எர்னஸ்ட் எழுதிய 'ஃபிங்கர்' இதே வேலையைச் செய்தது. பிறகு அது நெட்வொர்க்கிலும் பதில் சொல்ல ஆரம்பித்தது. 1988இல் மோரிஸ் புழு பரவிய வழிகளில் ஒன்று அந்த ஃபிங்கர் சேவையில் இருந்த ஓட்டை. அதனால் என் கருவி உள்ளே மட்டும்தான் பார்க்கும், வெளியே வாயைத் திறக்காது.

ஓட விட்டேன். பதினொரு பெயர் வந்தது. அக்கா பார்த்துவிட்டு, "முன்னாடி 'மாஸ்டர்'னு ஒண்ணு இருந்துச்சே, காணோமே?" என்றார்.

தப்பு என்னுடையது. உபுண்டுவில் மனிதர்களின் கணக்கு 1000இல் தொடங்கும், கீழே உள்ளவை கணினியின் சொந்த வேலைக்கு. அதனால் 1000க்குக் கீழே எல்லாவற்றையும் வடிகட்டியிருந்தேன். வடிகட்டியை எடுத்ததும் வந்து நின்றது: 'மாஸ்டர்', பயனர் எண் 0.

கெர்னலுக்குப் பெயர் தெரியாது, எண்தான் தெரியும். எண் 0 என்றால் ரூட். ரூட்டுக்கு எந்தக் கதவும் பூட்டில்லை. லாகின் திரை 1000க்கு மேலே உள்ளவர்களை மட்டும் காட்டுவதால் இவர் அங்கேயும் தெரியவில்லை. லாஸ்ட்லாக் எண்ணை வைத்துத்தான் பதிவு செய்யும். ஆகவே ரூட்டுக்கும் மாஸ்டருக்கும் ஒரே தேதி, போன வருஷம் ஆகஸ்ட். உபுண்டுவில் ரூட்டின் கடவுச்சொல் ஆரம்பத்திலிருந்தே பூட்டியிருக்கும், நாங்களும் திறந்ததில்லை. அப்படியென்றால் அந்த ஆகஸ்டில் வந்தது மாஸ்டர் பெயரில்தான்.

அந்தக் கணக்கைத் திறந்த சீனியர் அண்ணாவுக்கு போன் பண்ணினேன். நான்கு வருஷத்துக்கு முன்பே வேலைக்குப் போய்விட்டவர். முதலில் சிரித்தார். "ஒவ்வொரு தடவையும் சூடோ அடிக்கச் சோம்பல்டா, அதான்." ஆகஸ்ட் தேதியைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. "நான் இல்ல தம்பி. ஆனா அந்த பாஸ்வேர்ட் எங்க பேட்ச்ல எல்லாருக்கும் தெரியும்." யார் வந்தார், எதைப் பார்த்தார் என்பது இன்று வரை தெரியாது. பெற்றோர்களிடம் அக்கா நேரிலேயே சொன்னார். ஐசி நகல்களை அழித்துவிட்டோம். டியூஷனுக்கு அது எதுக்குன்னு கேட்டா யாருக்கும் பதில் இல்லை.

நீக்குவதும் சுலபமா இல்லை. 'யூசர்டெல்' கட்டளை, இந்தப் பயனரை முதல் புராசஸ் பயன்படுத்துகிறது என்று மறுத்துவிட்டது. அது சொல்வதும் சரிதான், கணினியின் முதல் புராசஸே எண் 0இல்தான் ஓடுகிறது. வற்புறுத்தாதீங்க, வீட்டு ஃபோல்டரையும் சேர்த்து அழிக்கச் சொல்லி, அது ரூட்டின் ஃபோல்டராக இருந்தால் கதை முடிந்தது. 'விஐபிடபிள்யூ' என்ற கட்டளையில் கோப்பைத் திறந்து அந்த ஒரு வரியை எடுத்தேன், ஷேடோவிலும் அப்படியே.

மற்ற பழைய கணக்குகளை அழிக்கவில்லை, பூட்டினேன். அழித்தால் அந்த எண் பின்னால் புதுசா வருபவருக்குக் கிடைக்கலாம், பழையவர் விட்டுப்போன கோப்புகளும் சேர்ந்து அவருடையதாகிவிடும். கடவுச்சொல்லை மட்டும் பூட்டினால் எஸ்எஸ்எச் சாவி வைத்திருப்பவர் அப்போதும் வரலாம், அதனால் காலாவதித் தேதியும் போட வேண்டும்.

உங்க லினக்ஸ் கணினியில் பார்க்க என் கருவி தேவையில்லை. 'கெட்என்ட்' கட்டளையிடம் பாஸ்வேர்ட் பட்டியலைக் கேளுங்கள், மூன்றாவது பகுதியில் 0 எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள்.

என் வடிகட்டி இப்போது 0ஐ முதல் வரியில் காட்டுகிறது. மாற்றியது ஒரு துண்டை மட்டும்தான், மற்ற மூன்றையும் தொடவில்லை. அடுத்த சனிக்கிழமை அக்கா பட்டியலை பிரிண்ட் எடுத்து, இரண்டு பெயர் மேல் பேனாவால் கோடு போட்டுக் கொடுத்தார். அன்று சாயங்காலமே பூட்டிவிட்டேன்.