நாதத்தைக் கண்ணால் காணல்

நாதத்தைச் செவியால் கேட்கிறோம், கண்ணாலும் காணலாம். 1787இல் ஜெர்மானிய அறிஞர் கிளாட்னி, அதிரும் தகட்டின்மீது மணல் தூவிக் காட்டினார். அதிராத இடங்களில் மணல் ஒதுங்கிக் கோலமாய் நிற்கும். திருச்சியில் பிறந்த சர் சி. வி. இராமன் இம்முறையை நம் மிருதங்கத்தில் செய்து, 1934இல் ஆய்வை வெளியிட்டார். வலந்தலையின் நடுவிலுள்ள கருஞ்சாந்தே அதன் ஓசைகளைச் சுருதியோடு இசைய வைக்கிறது என்றும் விளக்கினார்.

கோலா சிலாங்கூர்த் தோட்டப் பள்ளியில் நான் ஆசிரியராக இருந்தபோது, காது கேளாத மாணவன் ஒருவன் திருவிழாவில் ஒதுங்கியே நிற்பான். ஒரு நாள் பஜனை மிருதங்கத்தை நிமிர்த்தி வைத்து, மணல் தூவித் தட்டிக் காட்டினேன். குனிந்து பார்த்தான். பிறகு தானே தூவி, தானே தட்டினான். (மிருதங்கக்காரரிடம் நான் வாங்கிய ஏச்சு தனிக்கதை!) அவ்வாண்டு தீமிதியில் மேளத்தின் பக்கத்திலேயே நின்றான்.