சீட்டு இல்லாத பாட்டில்



நம்ம மாவட்டத்தில் பழமையான ஒரு விலங்குச் சேகரிப்பு இருக்கிறது, தெரியுமா? வத்தலக்குண்டு வழியாக கொடைக்கானல் பஸ்ஸில் போனால், கொடைக்கானலுக்குக் கொஞ்சம் முன்னாடி செண்பகனூர் வரும். அங்கே சேசு சபைத் துறவிகள் 1895-ல் திரு இருதயக் கல்லூரியைத் தொடங்கினார்கள். அதன் அருங்காட்சியகத்தில் பழனி மலையின் விலங்குகள், பறவைகள், பாம்புகள், பட்டாம்பூச்சிகளைப் பதப்படுத்திச் சேர்த்தார்கள்.

எப்படிப் பதப்படுத்துகிறார்கள்?

1. மீன், தவளை, பாம்பு: பார்மலினில் ஊற வைத்து பாட்டிலில் அடைப்பார்கள்.
2. பறவை: சதையை எடுத்துவிட்டு, தோலுக்குள் பஞ்சு வைத்துத் தைப்பார்கள்.
3. பூச்சி: ஊசியில் குத்திக் காயவைத்து, பெட்டியில் அந்துருண்டை போட்டு வைப்பார்கள்.

இந்த மூன்றுக்கும் பொதுவான ஒன்று, கூடவே இருக்கும் சின்னச் சீட்டு. என்ன உயிரினம், எந்த ஊர், எந்தத் தேதி, யார் சேகரித்தது என்று அதில் இருக்கும். "செத்ததுக்குப் போய் இவ்வளவு விவரமா?" என்று கேட்கலாம். அதற்கு ஒரு உண்மைச் சம்பவம்.

நடு இந்தியக் காடுகளில் வாழும் ஒரு சிறு ஆந்தை 1873-ல் அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. 1884-க்குப் பிறகு அது கிடைக்கவே இல்லை. ஆனால் மெய்னர்ட்ஸ்ஹேகன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரியிடம் இருந்த ஒரு ஆந்தையின் சீட்டில் "1914, குஜராத்" என்று இருந்தது. பமீலா ராஸ்முசென் என்ற அமெரிக்கப் பறவை ஆய்வாளர் அதைச் சோதித்தார். வேறொருவர் 1880-களில் சேகரித்த ஆந்தையைத் திருடி, பொய்ச் சீட்டு கட்டியிருக்கிறார் என்று தெரிந்தது! பொய்ச் சீட்டை ஒதுக்கிவிட்டு, உண்மையான சீட்டுகளில் இருந்த ஊர்ப் பக்கம் அவரும் நண்பர்களும் தேடினார்கள். 1997 நவம்பரில், மகாராஷ்டிராவின் ஷஹாதா அருகே அதே ஆந்தை உயிரோடு உட்கார்ந்திருந்தது. 113 வருஷத்துக்குப் பிறகு!

ஒரு பொய்ச் சீட்டு ஆட்களைத் தப்பான இடத்துக்கு அனுப்பும். உண்மையான சீட்டு, அழிந்துவிட்டது என்று நினைத்த உயிரையே கண்டுபிடித்துக் கொடுக்கும்.

நம்ம ஸ்கூல் லேபிலும் பாட்டில்கள் இருக்கின்றன. இனி பாட்டிலைப் பார்த்தால் முதலில் சீட்டைப் படியுங்கள். உரிந்து போயிருந்தால் சார், டீச்சரிடம் சொல்லுங்கள். நாமாக யூகித்து எழுதி ஒட்டிவிடக் கூடாது. புதுசாக எழுதினால் பென்சிலில் எழுதணும். பேனா மை திரவம் பட்டால் கரைந்துவிடும், பென்சில் எழுத்து நிற்கும்.