முடங்கிய கைக்கு மின்தூண்டல் சிகிச்சை

"கரண்ட் வைத்தால் கை வந்துவிடுமா?" பக்கவாத நோயாளிகளின் குடும்பத்தார் பலரும் கேட்கும் கேள்வி இது.

பக்கவாதத்தில் பாதிக்கப்படுவது மூளை. கையின் நரம்பும் தசையும் அழிவதில்லை. மூளையின் கட்டளைதான் அவற்றை வந்தடைவதில்லை. முன்கையின் வெளிப்புறத்தில் ஒட்டப்படும் பட்டைகளின் வழியே நொடிக்கு 20 முதல் 50 முறை துடிக்கும் மெல்லிய மின்னோட்டம் செலுத்தப்படுகிறது. அப்போது மணிக்கட்டும் விரல்களும் நிமிர்கின்றன. 1961-இல் லிபர்சன் என்னும் மருத்துவர், தொங்கும் பாதத்தைத் தூக்க இம்முறையைக் கையாண்டார்.

மின்னோட்டம் மட்டும் போதாது. விரல் நிமிரும் அதே கணத்தில் நோயாளியும் கையைத் திறக்க முயல வேண்டும். டம்ளரைப் பற்றி விடுவிக்க வேண்டும். அம்முயற்சியே மூளைக்குப் பாடம். 2021-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற வேகஸ் நரம்புத் தூண்டலும் பயிற்சியுடன் இணைந்தே தரப்படுகிறது. அதற்கு அறுவை சிகிச்சை தேவை.

பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள், கர்ப்பிணிகள், வலிப்பு நோயுள்ளவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். புண் உள்ள இடத்தில் பட்டையை ஒட்டக் கூடாது. உணர்விழந்த தோலில் சூடுபட்டாலும் தெரியாது. ஆகவே ஒவ்வொரு முறையும் தோலைப் பாருங்கள்.

பாகூரிலிருந்தோ வில்லியனூரிலிருந்தோ கோரிமேட்டு ஜிப்மருக்கு நாள்தோறும் சென்று வருவது எல்லார்க்கும் இயலாது. பட்டை வைக்கும் இடத்தைப் பேனாவால் குறித்துத் தரும்படி இயன்முறை மருத்துவரிடம் கேளுங்கள். வீட்டுப் பயிற்சியையும் கற்றுக்கொள்ளுங்கள். சிறிதேனும் அசைவு மீந்துள்ள கைக்குப் பயன் மிகுதி. எல்லாக் கைகளும் முழுமையாக மீள்வதில்லை. எனினும், சோற்றைத் தம் கையால் பிசைந்து உண்ணும் நாள் வரும் என்ற நம்பிக்கையோடு, மின்தூண்டல் இல்லாத நாளிலும் பயிற்சியைத் தொடருங்கள்.