மதுவை விட்டவர் புகையை விடலாமா?

திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரம் வகுத்தார். புகையிலையைப் பற்றி அவர் ஒன்றும் கூறவில்லை. கூற வழியும் இல்லை. அமெரிக்க மண்ணில் பிறந்த அச்செடி, அவர் காலத்துக்குப் பன்னூறாண்டு கழித்துப் போர்ச்சுகீசியர் வழியாக இந்நாட்டை அடைந்தது. அடைந்த பின்னராவது நம் புலவர்கள் அதனைக் கடிந்தார்களா? சீனிச்சர்க்கரைப் புலவர் 'புகையிலை விடு தூது' என்று ஒரு நூலே பாடிவிட்டார்! மது வசை பெற்றது. புகையிலை தூதுப் பதவி பெற்றது. இவ்வேற்றுமை இன்றும் நம் வீடுகளில் நிலவுகிறது. குடிப்பவரைக் கண்டு குடும்பம் அஞ்சுகிறது. புகைப்பவரைக் கண்டு முகம் சுளிப்பதோடு நின்றுவிடுகிறது.

நாம் வாழும் இவ்வட்டாரத்தின் வரலாறும் அதையே காட்டுகிறது. சென்னை மாகாணத்தில் இராஜாஜியின் அமைச்சரவை 1937-இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. மறு ஆண்டே அது சித்தூருக்கும் கடப்பைக்கும் பரவியது. பின்னர் 1992-இல், அண்டையிலுள்ள நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டா என்னும் சிற்றூரில் பெண்கள் சாராயத்தை எதிர்த்து எழுந்தனர். அவ்வெழுச்சியால் 1993-இல் சாராயமும், 1995-இல் மது முழுவதும் ஆந்திரத்தில் தடுக்கப்பட்டன. 1997-இல் அத்தடை தளர்ந்தது என்பது வேறு செய்தி. மதுவுக்கு எதிராக இத்துணைப் போர்கள் நடந்த நாட்டில், பீடிக்கு எதிராக ஒரு பெண்கள் படை எழுந்ததுண்டா?

ஆகவேதான், மதுவை விட்ட ஒருவர் புகையைத் தொடர்ந்தால், "அதையாவது பிடித்துவிட்டுப் போகட்டும்" என்று சுற்றத்தார் இரக்கத்தோடு சொல்லிவிடுகிறார்கள். இந்த இரக்கம் சரியானதா? உயிர் வேதியியல் பயிலும் மாணவன் என்ற முறையில் இதனை ஆராய்ந்து பார்த்தேன். அதற்குக் காரணம் என் தாய்மாமன்.

அவர் சித்தூரில் மாம்பழக்கூழ் ஆலை ஒன்றில் வேலை செய்கிறார். குடியை விட்டு இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. முன்னர் நாளொன்றுக்கு ஒரு கட்டாக இருந்த பீடி இப்போது இரண்டு கட்டு. நான் பேச்செடுத்தபோது அவர் சொன்னார்: "குடியை விட்டாச்சு மாப்ளே. இதையும் விடுன்னா, மனுஷன் எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது?"

இக்கேள்வியை எள்ளி நகையாடுதல் தகாது. மதுவும் நிக்கோட்டினும் மூளையில் டோப்பமின் சுரக்கும் ஒரே பாதையைத் தூண்டுகின்றன. ஒன்று நின்றதும் மற்றொன்றின்மேல் சாய்வது இயல்பே. ஆனால் அவ்வாறு சாய்ந்தவரின் கதி என்ன?

மூன்று சான்றுகள்

முதலாவது, ஒருவரின் வாழ்க்கை. அமெரிக்கரான பில் வில்சன் 1934-இல் மதுவை விட்டார். மறு ஆண்டு மருத்துவர் பாப் ஸ்மித்துடன் சேர்ந்து 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். உலகெங்கும் எண்ணற்றோர் அதனால் குடியிலிருந்து மீண்டனர். அவரும் பிறகு மதுவைத் தொடவில்லை. ஆனால் நெடுங்காலம் புகைபிடித்தார். 1971-இல் அவர் உயிரைக் கவர்ந்தது மதுவன்று. எம்பிசீமா என்னும் நுரையீரல் நோயும் நிமோனியாவும்.

இரண்டாவது, ஒரு கணக்கு. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் மது முதலிய போதைகளுக்குச் சிகிச்சை பெற்ற 845 பேரைத் தொடர்ந்து கவனித்து, 1996-இல் முடிவுகளை வெளியிட்டனர். இறந்தோர் 222 பேர். அவர்களுள் ஏறத்தாழ 51 விழுக்காட்டினர் புகையிலை தொடர்பான நோய்களாலும், 34 விழுக்காட்டினர் மது தொடர்பான நோய்களாலும் மாண்டனர். வீட்டார் அஞ்சிய பகைவனைவிட, அஞ்சாது விட்ட பகைவனே மிகுதியாகக் கொன்றிருக்கிறான்.

மூன்றாவது, நம் அச்சத்துக்கு விடை. புகையை நிறுத்தினால் மனம் தளர்ந்து மீண்டும் குடிக்கப் போய்விடுவாரே என்பதுதானே அச்சம்? 19 ஆய்வுகளைத் தொகுத்து 2004-இல் வெளியான கட்டுரை வேறு முடிவைத் தருகிறது. போதைச் சிகிச்சையோடு புகையை விடவும் உதவி பெற்றவர்கள், நெடுங்கால அளவில் மதுவையும் பிற போதைகளையும் விட்டு நிற்கும் வாய்ப்பு 25 விழுக்காடு கூடுதலாக இருந்தது.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். அதே ஆண்டில் வெளியான மினசோட்டா ஆய்வு ஒன்றில், இரண்டுக்கும் ஒரே வேளையில் சிகிச்சை பெற்றவர்களைவிட, ஆறு மாதம் கழித்துப் புகைக்குச் சிகிச்சை பெற்றவர்கள் மதுவை விட்டு நிற்பதில் சற்று மேம்பட்டிருந்தார்கள். ஆகவே எப்போது தொடங்குவது என்பதை மருத்துவரோடு கலந்து முடிவு செய்யலாம். தொடங்கவே வேண்டாம் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை.

உடலில் நிகழ்வது

இழுத்த புகையிலுள்ள நிக்கோட்டின் சில நொடிகளில் மூளையை எட்டுகிறது. இரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் பாதியாகிறது. விடியற்காலையில் கை பீடியைத் தேடுவது இதனால்தான். நிறுத்தியபின் எரிச்சலும் அமைதியின்மையும் முதல் இரண்டு மூன்று நாட்களில் உச்சத்தை அடைந்து, சில வாரங்களில் தணிகின்றன. ஒவ்வொரு முறையும் எழும் வேட்கையோ சில நிமிடங்களே நிற்கும்.

காப்பிப் பிரியர்கள் இதனையும் அறியவேண்டும். புகையிலுள்ள சில பொருள்கள், காப்பியின் காஃபீனைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை முடுக்கிவிடுகின்றன. புகை நின்றதும் அந்த முடுக்கம் குறைகிறது. அதே அளவு காப்பி குடித்தால் இரத்தத்தில் காஃபீன் ஏறத்தாழ இரு மடங்காகலாம். படபடப்பும் உறக்கமின்மையும் வரும். "பீடி இல்லாமல்தான் இப்படி" என்று எண்ணி மீண்டும் பற்றவைப்பவர் பலர். அவர்கள் பாதிக் காப்பியைக் குறைத்துப் பார்க்கலாம்.

நிக்கோட்டின் மெல்லும் பசையும் உதவும். அதனைச் சூயிங்கம்போல் விடாது மெல்லலாகாது. மெல்ல மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கவேண்டும். காரம் தணிந்தபின் மீண்டும் மெல்லவேண்டும். காப்பி குடித்த உடனே மென்றால் நிக்கோட்டின் சரியாக உட்கிரகிக்கப்படாது. மாத்திரைகளும் உண்டு, ஆனால் மருத்துவரிடம் பழைய குடிப்பழக்கத்தை மறைக்கக்கூடாது. புப்ரோப்பியான் என்னும் மருந்து, மதுவைத் திடீரென நிறுத்தியவர்களுக்கு வலிப்பை வரவழைக்கக்கூடும்.

கையில் உள்ள முதல்

மாமாவிடம் நான் புள்ளிவிவரங்களை அடுக்கவில்லை. குடியை விட்டு ஓராண்டு நிறைந்தபோது அவர் வேண்டுதலுக்காகத் திருமலைக்கு நடந்து ஏறினார். அலிபிரியில் மதுவுக்கும் அனுமதி இல்லை, பீடிக்கும் இல்லை. "அன்று எத்தனை பீடி பிடித்தீர்கள்?" என்று கேட்டேன். சற்று எண்ணிப் பார்த்து, "ஒண்ணும் இல்லே. மறுநாள் கீழே இறங்குற வரைக்கும் இல்லே" என்றார். "குடியை எப்படி விட்டீர்கள்?" என்றேன். "இன்னிக்கு மட்டும் வேண்டாம்னு ஒவ்வொரு நாளா" என்றார். பிறகு இருவரும் சிறிது நேரம் பேசவில்லை. அவர் இன்னும் நாள் குறிக்கவில்லை. ஆனால் காலைப் பீடியைக் காப்பிக்குப் பின்னர் என்று தள்ளி வைத்திருக்கிறார்.

இதுவே என் முடிவு. மதுவை விட்டவர் வெறுங்கையோடு நிற்பவர் அல்லர். வேட்கை எழும், தணியும் என்பதை அவர் தம் உடலாலேயே கற்றவர். பழைய நண்பர் அழைக்கும்போது மறுக்கத் தெரிந்தவர். ஒரு நாளை ஒரு நாளாகக் கடக்கப் பழகியவர். புகையை விடுவதற்கு வேண்டிய கைம்முதல் நம் எல்லோரையும்விட அவரிடமே மிகுதி.

விடுமுறைக்கு வேலூருக்கும் சேலத்துக்கும் சித்தூருக்கும் செல்லும் நண்பர்களே! உங்கள் வீட்டிலும் அத்தகைய ஒருவர் இருக்கலாம். அவரை இடித்துரைக்க வேண்டா. "அதையாவது பிடிக்கட்டும்" என்று கைவிடவும் வேண்டா. நாட்டின் புகையிலை விடுப்பு உதவித் தொலைபேசி எண் 1800-11-2356. அழைப்புக்குக் கட்டணம் இல்லை. அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி அவர் சட்டைப்பையில் வையுங்கள். நீங்களும் அவர் அருகில் சிறிது நேரம் உட்காருங்கள்.