பாவலரும் பண் வகுத்தோரும்

எவ்வுள் கிடந்த எம்பெருமானை மங்களாசாசனம் செய்தருளிய ஆழ்வார்கள் இருவர். திருமழிசைப்பிரான் தம் நான்முகன் திருவந்தாதியிலும், திருமங்கை மன்னன் பெரிய திருமொழி இரண்டாம் பத்தின் இரண்டாம் திருமொழியிலும் இத்தலத்தைப் போற்றியுள்ளனர். நாலாயிரத்தை வகுத்த முன்னோர் அந்தாதியை இயற்பாவில் வைத்தனர். பெரிய திருமொழியோ இசைப்பாவைச் சார்ந்தது. எனினும் இருவரையும் 'பாடியவர்' என்றே வழங்குகிறோம். இச்சொல் செய்யுள் யாத்தவரைக் குறிப்பதா, பண் வகுத்தவரைக் குறிப்பதா, குரலெடுத்து இசைத்தவரைக் குறிப்பதா? மணவாள நகரிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் உத்ஸவ சேவைக்கு எழுந்தருளும் அன்பர்கள் இதனைச் சற்றே சிந்தித்தல் தகும்.

செய்யுள் செய்வோருக்குத் தமிழில் பெயர்கள் பல. புலமை உடையவர் புலவர். பா இயற்றுவோர் பாவலர். நாவன்மை மிக்கவர் நாவலர். கவி என்னும் வடசொல் தமிழில் பாட்டையும் குறிக்கும், பாடுவோரையும் குறிக்கும். அதனின்றே கவிஞர், கவிராயர் என்னும் வழக்குகள் வந்தன. கவிகளை ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என நான்காக வகுப்பது இலக்கண மரபு. கொடுத்த பொருளில் கொடுத்த அப்பொழுதே பாடுவது ஆசு. சொல்லும் பொருளும் இனிக்கப் பாடுவது மதுரம். எழுத்தையும் எண்ணையும் அருமைபட அடைத்துப் பாடுவது சித்திரம். விரித்துப் பாடுவது வித்தாரம். இந்நான்கிலும் வல்லவர் என்பதால் திருமங்கை மன்னனுக்கு 'நாற்கவிப் பெருமாள்' என்னும் விருது வழங்குகிறது. அவருடைய திருவெழுகூற்றிருக்கை சித்திர கவிக்குத் தக்க சான்றாகும். மதுரகவியாழ்வார் திருநாமத்திலேயே கவிவகையின் பெயர் அமைந்திருப்பதும் காண்க. அவர் அருளியவை பதினொரு பாசுரங்களே. அவையும் நம்மாழ்வார் மீதே. பூதத்தாழ்வாரோ தம்மைப் 'பெருந்தமிழன்' என்றே சொல்லிக்கொண்டார். புலவருக்கு இதனினும் வீறுடைய பெயர் கிடைப்பது அரிது.

இசை வகுத்தோருக்கு இத்தனை பெயர்கள் இல்லை. பாணர் என்றால் யாழ்கொண்டு பண்ணிசைப்போர். அது தொழிற்பெயராகத் தொடங்கிக் குலப்பெயராக நின்றுவிட்டது. திருப்பாணாழ்வார் வரலாறு நாம் அறிந்ததே. அரங்கனைத் தென்கரையில் நின்றே பாடி வந்தவரை லோகசாரங்க முனிவர் தோளிற் சுமந்து உட்செல்ல நேர்ந்தது. பத்துப் பாசுரத்தால் ஆழ்வார்களுள் ஒருவராகிய அப்பெருமானை இன்றளவும் பாணர் என்ற பெயராலேயே தொழுகிறோம்.

எனினும் நம் பழையோர் இசை வகுத்தவரை மறந்தாரல்லர். சங்கத் தொகையாகிய பரிபாடலே இதற்குச் சான்று. உ. வே. சாமிநாதையர் 1918-இல் அச்சேற்றிய இந்நூலில் பாட்டின் கீழுள்ள பழங்குறிப்புகள் பாடியவர் பெயரையும், இசை வகுத்தவர் பெயரையும், பண்ணின் பெயரையும் தனித்தனியே தருகின்றன. திருமாலைப் பரவும் மூன்றாம் பாடலுக்குச் சொல் கடுவன் இளவெயினனாருடையது; இசை பெட்டனாகனாருடையது; பண் பாலையாழ். பெட்டனாகனார் பாடிய செய்யுள் ஒன்றும் நமக்குக் கிட்டவில்லை. இத்தகைய குறிப்புகளே அவர் பெயரைக் காத்தன.

சொல்லையும் இசையையும் ஒருவரே படைப்பாராயின் அவரை வாக்கேயகாரர் என்பது சங்கீத நூலார் கொள்கை. வாக்கு சொல், கேயம் பாடப்படுவது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் இயற்றிய சங்கீத ரத்நாகரம் சொற்பகுதியை மாது என்றும் இசைப்பகுதியைத் தாது என்றும் பிரித்து, இரண்டிலும் வல்லவரையே உத்தமர் என்கிறது. பிறர் அமைத்த தாதுவுக்குச் சொல் இட்டு நிரப்புவோருக்கு அந்நூல் தரும் பெயர் குட்டிகாரர். மெட்டுக்குப் பாட்டெழுதும் திரைப்படக் கவிஞர்கள் இதைக் கேட்டால் முகம் சுளிக்கக்கூடும்! திருமலையில் பதங்கள் பாடிய அன்னமாசாரியாரும், திருவையாற்றுத் தியாகராஜ ஸ்வாமிகளும் (1767–1847) வாக்கேயகாரர் வரிசையில் வைத்துப் போற்றப்படுவர்.

சீகாழி அருணாசலக் கவிராயர் (1711–1779) நிலை வேறு. அவருடைய இராம நாடகக் கீர்த்தனைகளுக்குச் சட்டநாதபுரத்து வேங்கடராமய்யரும் கோதண்டராமய்யரும் இசை வகுத்தனர். இருவரும் அவர் மாணாக்கர். திருவரங்கத்தில் அரங்கேறிய அந்நூலைப் பாடுவோர் பலர் கவிராயரை அறிவர். மாணாக்கர் இருவரையும் அறிந்தோர் சிலரே.

நாலாயிரத்திற்கு நேர்ந்ததும் ஏறத்தாழ இதுவே. ஸ்ரீமந் நாதமுனிகள் பாசுரங்களைத் தேடிப்பெற்று, அவற்றிற்குத் தேவகானத்தில் இசையமைத்து, தம் மருமக்களாகிய மேலையகத்தாழ்வானுக்கும் கீழையகத்தாழ்வானுக்கும் கற்பித்தார் என்று குருபரம்பரை கூறும். அவ்வழியில் வந்தோர் அரையர். விண்ணப்பம் செய்வார் என்பதும் அவர்க்கு வழங்கும் பெயர். திருவரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி ஆகிய தலங்களில் அரையர் சேவை தாளத்துடன் இன்றும் நடைபெறுகிறது. மற்றைத் தலங்களில் கோஷ்டியின் ஓதுமுறையே நிலைத்தது. எழுத்து ஒன்றுகூடக் குறையாமல் பாசுரம் நம்மிடம் வந்து சேர, பழைய இசை பெரும்பாலும் வழியிலேயே நின்றுவிட்டது. இருபதாம் நூற்றாண்டில் அரியக்குடி இராமாநுஜ ஐயங்கார் திருப்பாவை முப்பதுக்கும் இராகம் அமைத்தார். அவை இன்று மார்கழிதோறும் ஒலிக்கின்றன. ஆண்டாளின் சொல்லுக்கு அரியக்குடியின் மெட்டு எனப் பிரித்துணர்ந்து கேட்போர் குறைவு.

பிரபந்தப் பதிப்புகள் சிலவற்றில் திருமொழிகளின் தலைப்பில் பண்ணும் தாளமும் குறிக்கப்பட்டுள்ளன. அடுத்த முறை கையில் எடுக்கும்போது, திருஎவ்வுள் பதிகத்தின் தலைப்பையும் அன்பர்கள் ஒருமுறை பார்த்துவிட்டுப் பாசுரத்தைத் தொடங்குக.