ஹூஸ்டன் நகரின் மெதுவோசை

பேச்சைத் தாளத்தில் ஏற்றி உரைக்கும் ஹிப்-ஹாப் இசை 1970களில் நியூயார்க்கில் தோன்றியது. பின்னர் ஊருக்கோர் ஓசை கொண்டது. அவற்றுள் டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரின் கரடுமுரடான ஓசையை ஈண்டு நோக்குவோம்.

1990களின் தொடக்கத்தில் அதனை ஆக்கியவர் டி.ஜே. ஸ்குரூ எனப்பட்ட ராபர்ட் ஏர்ல் டேவிஸ் (1971-2000). ஒரே இசைத்தட்டின் இரு பிரதிகளை இரு கருவிகளில் இட்டு, ஒன்றை ஒரு தாளத்தட்டு பின்தங்க ஓடவிடுவார். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சட்டெனத் தாவ, ஒலித்த சொல்லே மீண்டும் ஒலிக்கும். இவ்வாறு நாடாவில் பதிந்ததனை வேகம் குறைத்துக் கேசட்டில் ஏற்றுவார். நாடா மெதுவாகச் சுழன்றால் தாளம் மட்டுமன்று, சுருதியும் தாழும், குரல் கனக்கும். நம் ஒற்றளபெடையில் வல்லின மெய்க்கு இடமில்லை. இங்கோ ககரமும் டகரமும்கூடத் தேய்ந்து நீள்கின்றன!

பிரதிக்குப் பிரதி எடுக்கையில் நாடாவின் இரைச்சலும் கூடியது. அதனைக் குறை என்பார் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. இன்றைய கணினி சுருதி தாழாமலே வேகத்தைக் குறைக்கும், இரைச்சலையும் நீக்கும். அவ்வாறு துலக்கிய பாட்டில் அந்தக் கனம் இல்லை.

இம்மெதுவோசை கோடீன் கலந்த இருமல் மருந்தின் மயக்கத்தில் பிறந்தது என்பர். அவரது மறைவுக்குக் கோடீன் காரணமாயிற்று என்பது உண்மையே. ஆயினும் கைத்திறனை மயக்கத்தின் கணக்கில் எழுதுதல் முறையன்று. செவி விழித்திராவிடில் அத்தாவல் கைகூடாது. அவருடைய இசைத்தட்டுகள் இன்று ஹூஸ்டன் பல்கலைக்கழக நூலகத்தில் பேணப்படுகின்றன.