முகம் சாட்சி ஆகுமா?

நூல் வாங்கும்போது நாம் அதன் பளபளப்பைக் கண்டு ஏமாறுவதில்லை. சிட்டத்தைப் பிரித்து, இழையை இழுத்துப் பார்த்து, நிறுத்த பின்னரே ஒப்புக்கொள்கிறோம். நெல் வாங்குபவரும் மூட்டையின் வாயை மட்டும் பார்த்து விலை பேசுவதில்லை. குத்தூசியைச் செருகி உள்ளிருக்கும் மணியை எடுத்துப் பார்க்கிறார். பொருளுக்கு இத்துணைச் சோதனைகளை வைத்திருக்கும் நாம், மனிதரை மதிப்பிடும்போது மட்டும் முகத்தையும் பேச்சையும் கண்ட அளவிலேயே முடிவு கட்டிவிடுகிறோம். கடன் மனு நிர்வாகக் குழுவின் முன் வருகின்றது. ஒருவர் நிமிர்ந்து நின்று தெளிவாகப் பேசுகிறார். மற்றொருவர் தலை குனிந்து, கேட்டதற்குத் தடுமாறி விடை சொல்கிறார். முன்னவர் நாணயமானவர் என்றும், பின்னவரிடம் ஏதோ ஒளிவு இருக்கின்றது என்றும் குழுவினர் மனத்தில் தோன்றிவிடுகின்றது. அந்த எண்ணத்தால் ஒருவர் வீட்டில் தறி ஓடுகின்றது. ஒருவர் வீட்டில் தறி நிற்கின்றது. ஆதலின் இதனைச் சிறிது ஆராய்வோம்.

பொய் சொல்பவன் கண்ணைப் பார்த்துப் பேசமாட்டான் என்பது நம் நாட்டார் மட்டும் கொண்ட கருத்து அன்று. 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், பொய்யரை எவ்வாறு அறிவீர்கள் என்று 58 நாடுகளில் மக்களை வினவினர். மிகுதியாக வந்த விடை இதுவே. அதே ஆண்டில் சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ என்னும் அமெரிக்க உளநூல் அறிஞர் இருவர், அதுவரை நடந்த சோதனைகளைத் தொகுத்து வெளியிட்டனர். அவற்றில் மெய்யும் பொய்யும் கலந்த பேச்சுகளைக் கேட்டுத் தீர்ப்புச் சொன்னோர் 24,000-க்கும் மேற்பட்டவர்கள். அவர்கள் சரியாகச் சொன்னது நூற்றுக்கு 54. காசைச் சுண்டிப் பார்த்தாலே 50 சரியாக வந்துவிடும்! பொய்யரைக் கண்டறிவதையே தொழிலாகக் கொண்டோரும் இதில் மற்றவரினும் மேம்பட்டவராகக் காணப்படவில்லை. கண்ணை விலக்குவது பொய்க்கு அடையாளம் என்று கொள்ள இடமில்லை என்பதை 2003-இலேயே டிபாலோவும் உடன் உழைத்தோரும் காட்டியிருந்தனர். நம் ஊர்களிலோ பெரியவர் முன் கண்ணைத் தாழ்த்துவது மரியாதை. மரியாதை அறிந்த குற்றத்துக்காக ஒருவர் சந்தேகத்துக்கு உள்ளாவது எத்தகைய கொடுமை! ஏமாற்றிப் பழகியவனோ நம்மை நேராகவே பார்ப்பான். நாம் எதைத் தேடுகிறோம் என்பது அவனுக்குத் தெரியுமன்றோ?

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை இந்த நோக்கோடு ஒருமுறை நிதானமாகப் படிப்பது நலம். கதையை அறியாதார் இலர். எனினும் அதில் ஓர் இடத்தை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். அரசியின் சிலம்பைக் களவாடிய பொற்கொல்லன், தன் களவை மறைக்கக் கோவலனைக் கள்வன் என்று மன்னனுக்குக் காட்டிக்கொடுக்கிறான். சிலம்பு அவன் கையில் இருக்குமாயின் அவனைக் கொன்று அதனைக் கொண்டு வருமாறு பாண்டியன் ஆணையிடுகிறான். காவலர் வருகின்றனர். கோவலனைக் கண்டவுடன், இவன் கொல்லத்தக்க கள்வனாகத் தோன்றவில்லை என்றே அவர்கள் கூறுகின்றனர். அவர்கள் சொன்னது உண்மை. ஆனால் முகத்தைக் கண்டு பிறந்த அந்த எண்ணத்துக்கு வேர் இல்லை. ஒரு பேச்சு வந்து மோதியதும் அது பெயர்ந்துவிட்டது. கள்வர்க்குத் துணையாக நிற்பவை மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என எட்டு என்று பொற்கொல்லன் அடுக்குகிறான். அத்தனையிலும் கோவலன் செய்தது என்று ஒன்றும் இல்லை. கள்வர் பொதுவாக எப்படிப்பட்டவர் என்பதே பேச்சு. காவலருள் ஒருவன், முன்னொரு மழை இரவில் தான் கண்ட கள்வனைப் பற்றிச் சொல்கிறான். அதுவும் வேறு எவனோ ஒருவன் கதைதான். கடைசியில் ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

சோதித்து அறிய அங்கே வழி இல்லாமலா இருந்தது? சிலம்பு எதிரிலேயே இருந்தது. அரசியின் சிலம்பிலுள்ள பரல் முத்து. கண்ணகியின் சிலம்பிலுள்ள பரல் மாணிக்கம். உடைத்தால் தெரிந்துவிடும். அதனை உடைத்தது, கணவனை இழந்த பின் வழக்குரைக்க வந்த கண்ணகியே. முகங்கண்டு சொன்ன நல்ல தீர்ப்பும் சோதியாதது; பேச்சைக் கேட்டு நிறைவேற்றிய கொடிய தீர்ப்பும் சோதியாதது. முதலாவது நிலைக்காமற் போனதற்கு அதுவே காரணம் என்பது நம் எண்ணம்.

பொதுப் பேச்சை ஒரு தனி மனிதன் தலையில் ஏற்றும் வழக்கம் பழங்கதையோடு போய்விடவில்லை. 1871-இல் ஆங்கில அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றிற்று. 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. இன்ன குலத்தில் பிறந்தார் என்பதே குற்றத்துக்குச் சான்றாயிற்று. ஒரு களவும் அறியாத உழவரும் கைரேகை பதித்துக் கண்காணிப்பில் வாழ நேர்ந்தது. 1920 ஏப்ரலில் மதுரைப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் இதனை எதிர்த்து நின்ற மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்து பல உயிர்கள் போயின. சென்னை மாகாணத்தில் 1947-இலும், நாடு முழுவதும் 1952-இலும் அச்சட்டம் நீங்கிற்று. அது கற்பித்த பேச்சு அவ்வளவு விரைவில் நீங்கவில்லை.

கூட்டுறவு முறையை வகுத்தோர் மனிதரை எடைபோடுவதன் அருமையை அறியாதவர் அல்லர். சென்னை அரசின் பொருட்டு ஐரோப்பியச் சங்கங்களை ஆராய்ந்த பிரெடரிக் நிக்கல்சன், 1895-இலும் 1897-இலும் வெளியான தம் அறிக்கையில் ஜெர்மனி நாட்டு ரைபைசன் கண்ட முறையை நமக்குக் காட்டினார். ரைபைசன் சங்கம் ஒரு சிற்றூர் எல்லைக்குள் அடங்கியது. வரம்பிலாப் பொறுப்பு உடையது. ஒருவர் தவறினால் மற்றவர் சொத்தும் ஈடாகும். ஆகவே அண்டை அயலார் ஆண்டுக்கணக்கில் கண்ட நடத்தையே அங்கே பிணை. நல்ல ஏற்பாடுதான். ஆயினும் ‘தெரிந்தவர்’ என்னும் சொல்லுக்குள் ‘நம்மவர்’ என்பதும் ஓசையின்றிப் புகுந்துவிடும். ஆண்டுக்கணக்கில் கண்ட நடத்தை வேறு. ஆண்டுக்கணக்கில் கேட்ட பேச்சு வேறு. முன்னது தவணைப் பேரேட்டில் இருக்கின்றது. அந்தப் பேரேட்டைத் திறவாமலே மனுவைத் தள்ளும் குழுக்களும் உண்டு.

இனி நம் அன்றாடத் தொல்லை ஒன்றுக்கு வருவோம். சங்கம் நிறுத்துக் கொடுத்த நூல் துணியாகித் திரும்பும்போது எடை குறைகின்றது. உடனே எல்லாக் கண்களும் நெசவாளர் பக்கம் திரும்புகின்றன. பருத்தி காற்றிலுள்ள ஈரத்தை ஏற்கும், விடவும் செய்யும். வாணிகத்தில் 100 பங்கு உலர்ந்த பருத்திக்கு 8.5 பங்கு ஈரத்தைச் சேர்த்துக் கணக்கிடுவது இதனாலேயே. ஐப்பசி மழையில் 100-க்கு 10 பங்கு ஈரமுள்ள 10 கிலோ நூலை வாங்கிச் சென்றவர், வறண்ட நாளில் அதனை 7 பங்கு ஈரத்தோடு திருப்பினால், ஓர் இழையும் எடாமலே ஏறக்குறைய 270 கிராம் குறைந்திருக்கும். பட்டில் இது இன்னும் மிகுதி. கச்சாப் பட்டை வேகவைத்துப் பசை நீக்கும்போது ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு எடை போய்விடும். தொழில் அறியாதவர் கண்ணுக்குச் சாயக்காரர் திருடராகவே தெரிவார். மறுபுறம், எடை சரியாக இருப்பதனாலேயே எல்லாம் சரி என்றும் கொள்வதற்கில்லை. நூலை எடுத்துக்கொண்டு, பாவில் கஞ்சியை மிகுத்து எடையை நிரப்பிவிட முடியும். துணியில் ஒரு துண்டை நிறுத்துக்கொண்டு, கஞ்சி போக அலசி உலர்த்தி மறுபடியும் நிறுத்தால் அது வெளிப்படும்.

எடைக்குறைவு கண்டவிடத்து நெசவாளரை எதிரே நிறுத்தி அவர் முகத்தை ஆராய்வதினும் எளிய வழி ஒன்று உண்டு. நூல் கொடுக்கும் நாளில் அதே கட்டிலிருந்து ஒரு சிட்டத்தை எடுத்து, எடையையும் தேதியையும் சீட்டில் எழுதிக் கட்டிக் கிடங்கில் காற்றுப்படும் இடத்தில் தொங்கவிடுக. துணி வரும் நாளில் அதனையும் நிறுத்துக. அதுவும் அதே விகிதத்தில் குறைந்திருந்தால், போனது ஈரமே. குறையாதிருந்தால், தறிக்கழிவையும் கணக்கில் சேர்த்த பின்னர் நெசவாளரிடம் விளக்கம் கேட்கலாம். இரண்டு முறை நிறுக்கும்போதும் அவர் தராசின் பக்கத்தில் நிற்கட்டும். எடையைப் பதிவேட்டில் எழுதி அவரது கையொப்பமும் பெறுக.